எழுத்தில்லாப் புத்தகம் பிறந்த கதை

பள்ளி நூலகத்தின் இருப்புப் பதிவேட்டில் நூலின் பெயர், ஆசிரியர், விலை இவற்றோடு மொழி என்றும் ஒரு கட்டம் போடுவார்கள். பாலக்காட்டிலும் இடுக்கியிலும் எல்லையோரப் பள்ளிகளில் அந்தக் கட்டத்துக்கு வேலை அதிகம். தமிழும் வரும், மலையாளமும் வரும், ஆங்கிலமும் வரும். அப்படியொரு பள்ளிக்கு, அட்டையில் தலைப்பைத் தவிர உள்ளே ஓர் எழுத்துகூட இல்லாத படப் புத்தகம் வந்து சேர்ந்தால் அந்தக் கட்டத்தில் என்ன எழுதுவது? பேசாமல் ஒரு கோடு இழுத்துவிடலாம். மூன்று மொழியின் பெயரையும் எழுத வேண்டும் என்பது என் கட்சி.

இந்த மாதிரிப் புத்தகத்தை, எழுதப் படிக்கத் தெரியாத சின்னப் பிள்ளைகளுக்காக யாரோ நல்ல மனசோடு செய்திருப்பார்கள் என்றுதான் நினைக்கத் தோன்றும். உண்மை வேறு. அது பிறந்தது பெரியவர்களுக்காக, அதுவும் ஓர் உலகப் போரின் நடுவில்.

அதைச் சொல்வதற்கு முன் நம்மூர்க் கணக்கு ஒன்றைத் தீர்த்துவிடலாம். படம் காட்டிக் கதை சொல்வது பாலக்காட்டுக்காரர்களுக்குப் புதிதில்லை. பாரதப்புழைக் கரையிலுள்ள பத்ரகாளி கோயில்களில் தோல்பாவைக் கூத்து நடக்கும். அதற்கென்றே கட்டிய கூத்துமாடத்தில் வெள்ளைத் துணி கட்டி, பின்னால் 21 விளக்குகளை வரிசையாக ஏற்றி, தோலில் வெட்டிய பாவைகளின் நிழலை விழவைத்து இராமாயணம் முழுவதையும் ஆட்டுவார்கள். ஷொர்ணூருக்குப் பக்கத்தில் கூனத்தறையைச் சேர்ந்த கிருஷ்ணன்குட்டிப் புலவர் குடும்பம் இதில் பேர் பெற்றது. அவருடைய மகன் ராமச்சந்திரப் புலவருக்கு 2021இல் பத்மஸ்ரீ கிடைத்தது. பாடுவது கம்பன் பாட்டு. விளக்கம் தமிழும் மலையாளமும் கலந்த ஒரு மொழியில். தாரிகனோடு போரிட்டுக்கொண்டிருந்ததால் இராம இராவண யுத்தத்தைப் பார்க்க முடியாமல் போன காளிக்காகத்தான் இந்த ஆட்டம் என்பது ஐதீகம். அதனால் எதிரே மனிதர் ஒருவரும் இல்லாவிட்டாலும் விடிய விடிய நடக்கும்.

ஆனால் பாவை தானாகக் கதை சொல்வதில்லை. புலவர் வாயை மூடினால் துணியில் நிழல்தான் மிச்சம். ஐரோப்பாவிலும் அதே நிலைதான். 1658இல் நியூரம்பெர்க்கில் கொமேனியஸ் என்ற செக் நாட்டுப் பாதிரியார் வெளியிட்ட பாடநூலைத்தான் பிள்ளைகளுக்கான படப் புத்தகங்களின் மூதாதை என்பார்கள். ஒவ்வொரு படத்திலும் பொருள்களுக்கு எண் போட்டு, பக்கத்திலேயே லத்தீனிலும் ஜெர்மனிலும் விளக்கம் கொடுத்திருந்தார். அதிலும் படத்துக்குக் கையைப் பிடித்துக்கொள்ள ஒரு சொல் வேண்டியிருந்தது.

அந்தக் கையை உதறியவர் பிரான்ஸ் மாசெரீல். பெல்ஜியத்துக்காரர். முதல் உலகப் போர் சமயத்தில் ஜெனீவாவில் தங்கி, போருக்கு எதிராகப் பத்திரிகையில் தினமும் படம் போட்டுக்கொண்டிருந்தார். 1918இல் 25 மரச்செதுக்குப் படங்களை வைத்து ஓர் ஏழை மனிதனின் பாடுகளைப் புத்தகமாக்கினார். அடுத்த ஆண்டே 167 படங்களில் இன்னொன்று. இரண்டிலும் கதைக்குள் ஒரு வரி கிடையாது. பிரெஞ்சுக்காரரும் ஜெர்மானியரும் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டிருந்த காலத்தில், இரண்டு பக்கத்தாரும் மொழிபெயர்ப்பில்லாமல் படிக்கக்கூடிய ஒன்றை அவர் செய்தார். இரண்டாவது புத்தகத்தின் ஜெர்மன் பதிப்புக்கு முன்னுரை எழுதியவர் தாமஸ் மான். சொல்லே வேண்டாத புத்தகத்துக்கு, சொல்லை வைத்தே பிழைத்த ஒரு பெரிய நாவலாசிரியரின் பரிந்துரை!

லைப்சிக் நகரத்துக்கு மரச்செதுக்கு கற்கப் போன லிண்ட் வார்டு என்ற அமெரிக்க இளைஞர் மாசெரீலின் புத்தகம் ஒன்றை அங்கே பார்த்தார். ஊர் திரும்பி, 139 படங்களில் தன் முதல் சொல்லில்லா நாவலை 1929 அக்டோபரில் வெளியிட்டார். நியூயார்க் பங்குச் சந்தை சரிந்த அதே வாரம். அப்படியும் புத்தகம் விற்றது.

பிள்ளைகள் பக்கம் இது வந்தது 1932இல். ரூத் கரோல் என்ற அமெரிக்க ஓவியர் ஒரு நாய்க்குட்டியின் கதையைச் சொல்லில்லாமல் வரைந்தார். முயலைத் துரத்திப் போய் முயல் வளைக்குள்ளேயே புகுந்துகொள்ளும் விஸ்கர்ஸ் என்ற நாய்க்குட்டி. பிள்ளைகளுக்கான எழுத்தில்லாப் படப் புத்தகம் என்றால் அமெரிக்காவில் இதைத்தான் முதலாவதாகச் சொல்கிறார்கள். அதற்குப் பிறகு ஏறத்தாழ 35 ஆண்டுகள் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. காசு கொடுத்து வாங்குகிறவர் அப்பா. எழுத்தே இல்லாத ஒன்றுக்கு இந்த விலையா என்று அவர் கேட்பார். இன்றைக்கும் புத்தகக் கண்காட்சிக் கடையில் கேட்கிற கேள்விதான் அது.

1967இல் மெர்சர் மேயர் என்பவர், இருபதுகளின் நடுவில் இருந்த ஓவியர், ஒரு பையன், ஒரு நாய், ஒரு தவளை மூவரையும் வைத்து கையடக்கமான ஒரு புத்தகம் போட்டார். வண்ணமில்லை, வெறும் கோட்டோவியம். அது வரிசையாக வளர்ந்தது. 1969இல் வந்த தவளைக் கதைதான் உலகத்தைச் சுற்றியது.

ராத்திரி. பையனும் நாயும் கண்ணாடிக் குப்பியிலிருக்கும் தவளையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். தூங்கியதும் தவளை ஒரு காலை வெளியே வைக்கிறது. விடிந்தால் குப்பி காலி. தேடுகிற அவசரத்தில் நாய் தலையைக் குப்பிக்குள் விட்டுக்கொள்கிறது, அதே கோலத்தில் ஜன்னலிலிருந்து விழுகிறது, குப்பி நொறுங்குகிறது. கோபமாக நாயைத் தூக்கிப் பிடித்திருக்கும் பையனின் கன்னத்தை நாய் நக்குகிறது. பிறகு காடு, தேனீக்கூடு, ஆந்தை. கிளை என்று நினைத்துப் பையன் பிடித்தது மானின் கொம்பு. மான் அவனை ஏந்திக்கொண்டு ஓடிப் பள்ளத்தில் தள்ள, கீழே தண்ணீர். ஒரு மரக்கட்டைக்குப் பின்னால் சத்தம். பையன் வாயில் விரலை வைத்து நாயை அடக்குகிறான். எட்டிப் பார்த்தால் தவளை ஜோடியும் குஞ்சுகளும். கடைசிப் படத்தில் பையன் ஒரு தவளையைக் கையில் ஏந்திக்கொண்டு, மற்றவற்றுக்குக் கையசைத்துவிட்டுப் போகிறான்.

மொத்தம் 24 படம்தான். இதை மொழியியல் ஆய்வாளர்கள் பிடித்துக்கொண்டார்கள். ஒரே கதையை வெவ்வேறு மொழிக்காரர்கள் எப்படிச் சொல்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். ஆனால் கதையை முன்கூட்டி எந்த மொழியிலும் சொல்லிவிடக் கூடாது. இந்தச் சிக்கலுக்கு மேயரின் புத்தகம் அளவெடுத்துத் தைத்த சட்டை. ரூத் பெர்மன், டான் ஸ்லோபின் இருவரும் ஆங்கிலம், ஜெர்மன், ஸ்பானியம், ஹீப்ரு, துருக்கி என்ற ஐந்து மொழிகளில் பிள்ளைகளையும் பெரியவர்களையும் இந்தக் கதையைச் சொல்லவைத்து 1994இல் பெரிய நூலாகக் கொண்டுவந்தார்கள். அதற்குப் பிறகு உலகத்தில் எத்தனையோ மொழிகளில் இந்தத் தவளையைத் தேடிவிட்டார்கள்.

அந்த ஆய்வில் ஆசிரியர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. மூன்று வயதுப் பிள்ளை ஒவ்வொரு படத்தையும் தனித்தனியாகத்தான் பார்க்கிறது: இது நாய், இது மரம். ஐந்து வயதில் ஒரு படத்தை அடுத்ததோடு கோக்கப் பார்க்கிறது. தவளையைத் தேடுவது என்ற ஒரே இழையில் கதை முழுவதையும் கட்டி நிறுத்துவது ஒன்பது வயதுவாக்கில்தான் கைகூடுகிறது. ஆகவே எழுத்தில்லாப் புத்தகம் அங்கன்வாடியோடு தீர்ந்துபோகிற சமாச்சாரம் என்று ஒதுக்குவது தப்பு. நான்காம் வகுப்புக்குத்தான் அது உண்மையில் சூடுபிடிக்கும்.

மேயரின் முதல் தவளை வந்த மறு வருஷம், 1968இல், ஜப்பானில் மிட்சுமாசா அன்னோவின் முதல் படப் புத்தகம் வந்தது. அதிலும் எழுத்தில்லை, மேலே ஏறினால் கீழே வந்து சேரும் படிக்கட்டு மாதிரியான விந்தைப் படங்கள். அன்னோ டோக்கியோவில் பல ஆண்டுகள் தொடக்கப் பள்ளி ஆசிரியராக இருந்தவர் என்பதைச் சொன்னால்தான் இதன் ரகசியம் புரியும். 1977இல் வந்த பயணப் புத்தகத்தில் ஒரு குதிரைக்காரன் பக்கத்துக்குப் பக்கம் ஊர் ஊராகப் போகிறான். அவனைக் கூட்டத்தில் தேடுவது முதல் விளையாட்டு. தேடும்போது கண்ணில் படும் கல்யாணம், ஓட்டப் பந்தயம், வீடு மாற்றுகிறவர்கள் எல்லாம் அடுத்தடுத்த விளையாட்டு. எதையும் அவர் சுட்டிக்காட்டுவதில்லை. 1984இல் அவருக்கு ஆண்டர்சன் விருது கொடுத்தார்கள்.

இங்கிலாந்தில் ரேமண்ட் பிரிக்ஸ் பனிமனிதனைச் சொல்லில்லாமல் வரைந்தது 1978இல். அதற்கு முந்தைய புத்தகம் அழுக்கும் வார்த்தையுமாக நிரம்பி வழிந்தது. அதிலேயே மூழ்கிக் கிடந்த அலுப்பில், சுத்தமாக, வார்த்தையே இல்லாமல் ஒன்று செய்யத் தோன்றியதாக அவரே சொல்லியிருக்கிறார். ஆஸ்திரேலியாவின் ஷான் டான் 2006இல் ஒரு புலம்பெயர்ந்தவனின் கதையை வரைந்தபோது, புதிய ஊரின் பெயர்ப்பலகைகளுக்கு யாராலும் படிக்க முடியாத ஓர் எழுத்தைத் தானே உண்டாக்கினார். வந்திறங்கியவனுக்கு எப்படிப் புரியவில்லையோ அப்படியே படிக்கிற நமக்கும் புரியாது. வங்காளத்திலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகள் மலையாளப் பள்ளியில் உட்கார்ந்திருக்கும் இந்த நாளில், கேரளத்து ஆசிரியர் ஒவ்வொருவரும் ஒருமுறை புரட்ட வேண்டிய புத்தகம் அது.

2012இல் இத்தாலியின் லம்பெதூசா தீவில் இதற்கு இன்னொரு உபயோகம் கண்டுபிடித்தார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து படகில் வந்து கரையேறும் பிள்ளைகளுக்கும் தீவுப் பிள்ளைகளுக்கும் பொதுவான மொழி இல்லை. தீவில் அப்போது நூலகமும் இல்லை. இளையோர் நூல்களுக்கான பன்னாட்டு அமைப்பு உலகெங்கிலுமிருந்து எழுத்தில்லாப் புத்தகங்களைத் திரட்டித் தீவுக்குக் கொண்டுபோனது. மாசெரீல் நினைத்தது கிட்டத்தட்ட நூறு ஆண்டு கழித்துப் பிள்ளைகளிடம் நடந்தது.

இந்தியாவுக்கு வருவோம். வகுப்பறையில் படத்தை வைத்துப் பேசுவதை நம் ஆசிரியர்களுக்குத் தெளிவாகச் சொல்லிக்கொடுத்தவர் கல்வியாளர் கிருஷ்ணகுமார். குழந்தையின் மொழியையும் ஆசிரியரையும் பற்றி 1986இல் அவர் எழுதிய கையேடு மெல்லியது. கனம் உள்ளே இருக்கிறது. ஒரு படத்தைக் காட்டி என்னவெல்லாம் கேட்கலாம் என்று படிப்படியாகப் போகிறார். படத்தில் என்ன இருக்கிறது என்று கண்டுபிடிக்கச் சொல்வது எளிய கேள்வி. ஏன் அப்படி நடந்தது என்பது அடுத்தது. அந்த இடத்தில் நீ இருந்தால் என்ன செய்வாய், இனி என்ன ஆகும், உனக்கு இப்படி நடந்ததுண்டா என்று கேள்விகள் விரிந்துகொண்டே போகின்றன. நம் வகுப்பறைகள் முதல் படியிலேயே நின்றுவிடுகின்றன. இது என்ன? நாய். அது என்ன? மரம். மூன்று வயதுப் பிள்ளை தானாகவே செய்வதை எட்டு வயதுப் பிள்ளையிடம் கேட்டு வாங்கிக்கொண்டிருக்கிறோம்.

சென்னை தூலிகா பதிப்பகம் 1996இல் தொடங்கியது. ஆங்கிலத்தோடு எட்டு இந்திய மொழிகளிலும் பிள்ளைகளுக்குப் புத்தகம் போடுகிறது. ஒவ்வொரு கதைக்கும் ஒன்பது மொழியில் மல்லாடுகிறவர்கள், 2017இல் பிரியா குரியன் வரைந்த, கண்ணாடியைத் தொலைத்த அம்மச்சியின் கதையைக் கொண்டுவந்தார்கள். உள்ளே எழுத்தே கிடையாது. கேரளத்துப் பாட்டி ஒருத்தி காலையில் எழுந்தால் மூக்குக்கண்ணாடியைக் காணவில்லை. கண் மங்கலோடு அவள் நாளைத் தொடங்க, வீடே தலைகீழாகிறது. பாலக்காட்டுக் கல்பாத்தி அக்ரஹாரத்தில் இந்தப் புத்தகத்தை யார் கையில் கொடுத்தாலும் அவரவர் ஆத்துப் பாட்டியைத்தான் பார்ப்பார்கள். அமெரிக்கத் தவளைக்கு இல்லாத வசதி இது: பாத்திரமும் பண்டமும் திண்ணையும் பிள்ளைக்கு ஏற்கெனவே தெரிந்தவை, பேச்சு தானாக வரும். பிரதம் புக்ஸ் 2015 செப்டம்பர் 8ஆம் தேதி தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் எழுத்தில்லாக் கதைகளும் கிடைக்கின்றன. இலவசம், அச்சடித்தும் கொள்ளலாம்.

சரி, வகுப்பில் என்ன செய்வது? தவளைக் கதையில் நாய் ஜன்னலிலிருந்து விழும் படத்தை எடுத்துக்கொள்வோம். கல்பாத்திப் பிள்ளை, "நாய் ஜன்னல்லேந்து கீழே சாடித்து, குப்பி ஒடஞ்சுபோயிடுத்து" என்று சொல்லும். சித்தூர்ப் பக்கத்துப் பிள்ளை, "நாயி குதிச்சுப்போட்டுதுங்க டீச்சர், பாட்டலு ஒடஞ்சுபோச்சுங்க" என்னும். மூணாறு எஸ்டேட் லயத்திலிருந்து வருகிற பிள்ளைக்கு, "நாய் விழுந்துருச்சு டீச்சர், பாட்டில் ஒடஞ்சிருச்சு." பக்கத்து பெஞ்சு மலையாளப் பிள்ளைக்கு, "பட்டி சாடி, குப்பி பொட்டி." நாலு பேரும் சொன்னது சரி. பாடப் புத்தகத்தை வைத்துக்கொண்டு இதே நாலு பேரைப் பேசச் சொன்னால் நாலும் தப்பாகிவிடும். கல்பாத்திப் பிள்ளைக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் திருத்தம் வரும், தமிழ் டீச்சர் மலையாளம் கலந்துவிட்டது என்பார், மலையாள டீச்சர் தமிழ் வாடை அடிக்கிறது என்பார். படத்துக்கு அந்தத் தொந்தரவு இல்லை. எழுத்தில்லாப் புத்தகம் எல்லையோரத்துக்கு மற்ற ஊர்களைவிட அதிகம் தேவைப்படுவது இதனால்தான்.

பிள்ளைகள் சொன்ன வாக்கியங்களை, சொன்னது சொன்னபடியே கரும்பலகையில் எழுதிவிட வேண்டும். கையைத் துடிக்கவிடாமல் எழுதுவதுதான் ஆசிரியருக்குக் கஷ்டம். எழுதி முடித்து, எல்லோரும் வாசித்த பிறகு, இதையே பாடப் புத்தகத்துத் தமிழில் எப்படி எழுதலாம் என்று கேட்கலாம். தன் வாய்ச்சொல் பலகையில் ஏறியதைப் பார்த்த பிள்ளைக்கு, திருத்தம் அப்போது அவமானமாகப் படாது.

அடுத்த நாள் படங்களை நகலெடுத்துக் கலைத்துப் போட்டு, குழுவாக வரிசைப்படுத்தச் சொல்லலாம். மேயரின் வரிசை வராவிட்டால் மோசமில்லை. அந்த வரிசைக்கு ஒரு காரணம் சொன்னால் போதும். இன்னொரு நாள் தவளையே கதை சொல்லட்டும்: பையன் தேடுகிற கதை அப்போது ஒரு கைதி தப்பித்து வீடு சேர்ந்த கதையாக மாறிவிடும். கடைசிப் படத்தை வைத்து ஒரு வழக்கே நடத்தலாம். பையன் கையில் இருப்பது பழைய தவளையா, அதன் குஞ்சா? குஞ்சு என்றால் கொடுத்தார்களா, எடுத்துக்கொண்டானா? புத்தகத்தில் இதற்கு விடை இல்லை. ஆசிரியரும் சொல்லக் கூடாது. சொன்ன நிமிஷத்தில் அது இன்னொரு பாடமாகி, நாளைக்கு ஒரு மதிப்பெண் கேள்வியாகவும் வந்து நிற்கும். எழுத்தில்லாப் புத்தகத்தைக் கொல்வதற்கு இதைவிடச் சுருக்கமான வழி கிடையாது.

பாலக்காட்டு ஆசிரியர்களுக்குக் கூடுதலாக ஒன்று கைவசம் இருக்கிறது. பழைய வேட்டி ஒன்று, பின்னால் ஒரு விளக்கு, அட்டையில் வெட்டிய பையனும் நாயும் தவளையும். ஒரு குழு சத்தமில்லாமல் ஆட்டட்டும். இன்னொரு குழு புலவர் இடத்தில் உட்கார்ந்து பேசட்டும். அதே ஆட்டத்துக்கு அடுத்த குழு வேறு பேச்சுப் பேசட்டும். பாவை மாறாமல் கதை மாறுவதைப் பிள்ளைகள் கண்ணால் காண்பார்கள்.

பிள்ளைகள் தாமே புத்தகம் செய்ய ஒரு ஏ4 தாள் போதும். மூன்று முறை பாதிபாதியாக மடித்தால் எட்டுக் கட்டம். பிரித்து, நடுவில் இரண்டு கட்டம் நீளத்துக்கு மட்டும் ஒரு வெட்டு. மறுபடி மடித்தால் பசையும் நூலும் இல்லாமல் எட்டுப் பக்கப் புத்தகம். அட்டை போக ஆறு ஏழு படத்தில் ஒரு கதை. எழுத்து எழுதக் கூடாது என்பது ஒன்றே நிபந்தனை. அந்த நிபந்தனை போட்டதும், கட்டுரை நோட்டில் நாலு வரி தாண்டாத பிள்ளை, கோபத்தை எப்படிப் படத்தில் காட்டுவது, நேற்றை எப்படிக் காட்டுவது என்று யோசிக்க ஆரம்பிக்கும். முடித்த புத்தகத்தைப் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்ல வேண்டும். வரைந்தவர் நினைத்த கதை வராது. அங்கேதான் சண்டையும் சிரிப்பும் பாடமும்.

இந்தப் பக்கத்தில் படம் போடத் தெரிந்தவர்களிடம் எனக்கு ஒரு விண்ணப்பம் உண்டு. ஐப்பசிக் கடைசியில் கல்பாத்தித் தேர். விசுவநாத சுவாமி கோயில் தேர்களை ஜனங்கள் வடம் பிடித்து இழுக்க, பின்னாலிருந்து யானை நெற்றியால் முட்டித் தள்ளும். பழைய கல்பாத்தி, புதிய கல்பாத்தி, சாத்தபுரம் தேர்களும் வந்து மூன்றாம் நாள் மாலை தேர்முட்டியில் சேரும். தமிழ் பேசுகிறவரும் மலையாளம் பேசுகிறவரும் ஒரே வடத்தைப் பிடிக்கும் தெரு அது. கூட்டத்தில் பலூன் கைவிட்ட ஒரு பிள்ளையைப் பின்தொடர்ந்து 24 படம் போட்டுத் தாருங்கள். தலைப்புகூட வேண்டாம்.